மணிப்பூவுக்கு அடியில் என்ன இருந்தது

மேல் டிவிசன் லயம்,
ஹுன்னஸ்கிரிய.
18.01.2023

தங்கச்சி சுப்பம்மாவுக்கு அண்ணன் இராமகிருஷ்ணன் சொல்ல, மருமகள் நிரோஷா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். உன் முழங்கால் வலி எப்படி? போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை, எனக்குக் கத்த மூச்சில்லை. அதனால் காகிதம்தான்.

பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருஷம் போன மாதத்தோடு முடிந்தது. அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு இன்னொரு வரிசை ஞாபகம் வந்தது. விடிவதற்கு முன்னே பாண் ரொட்டிக்குப் போய் நின்றோமே, அது. அரசாங்கம் அரிசியைக் குறைத்துவிட, லயத்து வீட்டு ஆட்கள் கிழங்கு தேடிக் காட்டுக்குப் போன வருஷம். மேல்மலைக்குக் கவ்வாத்து வெட்டிய வருஷம். தோட்டத்தை அரசாங்கம் எடுப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால். எனக்கு மஞ்சள் காமாலை வந்து கண்டி ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் கிடந்தேனே, அதே வருஷம். படித்தவர்கள் அதை எழுபத்து மூன்று என்கிறார்கள். அந்த வருஷம்தான் பங்களாவில் நான் மணிப்பூவுக்குக் கல் தோட்டம் போட்டேன்.

துரைசாணி தன் நாட்டிலிருந்து பாசியில் சுற்றி ஏழு செடி கொண்டுவந்தாள். பனி உறையும் மலையில், பாறை இடுக்கில் வளர்கிற சாதி. "இந்த ஏழும் பூத்தா நீ பங்களாத் தோட்டக்காரன். பூக்காட்டி மலை வேலைக்குப் போயிரு"ன்னு துரைசாணி சொன்னதாக பங்களாச் சமையல்காரர் அப்பு எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். பூத்தது! ஐம்பது வருஷமாக விரல் நுனியளவு நீல மணிகளாகப் பூத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது பங்களா ஹோட்டல் ஆகிவிட்டது உனக்குத் தெரியும். மெனேஜர் கணேஸ், நாவலப்பிட்டிப் பையன், நம் ஆள். அவன் வந்து சொன்னான்: "தாத்தா, இவ்வளவு அழகான தோட்டத்தக் குசினிக்குப் பின்னால வச்சிருக்காங்களே. முன்படி பக்கம் மாத்துவோம். நீங்களே நின்னு செய்யுங்க. கல்லுல ஒங்க பேர வெட்டுறோம்." என் பேர், சுப்பம்மா. எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஊரே வாசிக்கும்.

ஒன்று வேண்டும். அந்தக் காலத்தில் பார்த்தவர் யாராவது எழுதித் தரவேண்டுமாம். "இந்தத் தோட்டம் முழுக்க என் அண்ணன் கையால் ஆனது, வேறு யார் கையும் படவில்லை" என்று எழுதி நீலப் பேனாவில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பேரப்பிள்ளைகளை விசாரித்தேன் என்று சொல்.

அண்ணன்.


கோத்தகிரி,
20.02.2023

அன்புள்ள அண்ணனுக்குச் சுப்பம்மா வணக்கம். கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே பனி அதிகம், விரல் மடங்கவில்லை, அதனால் பதில் தாமதம். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறேன். பெரிய பேரனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது.

தோட்டத்தை இடம் மாற்றப் போகிறாய் என்று படித்தேன். ஏழு இடத்துச் செடியையும் மாற்றுவாயா? புது இடத்தில் அடியில் என்ன போடுவாய்? மேல் கல்லைக் கேட்கவில்லை. அடியில்.

நிரோஷா நன்றாக எழுதுகிறாள். அவள் கைக்கு ஒரு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

சுப்பம்மா.


ஹுன்னஸ்கிரிய,
16.03.2023

தங்கச்சிக்கு அண்ணன். சுகமாக இருக்கிறேன், ஆனால் உன் கடிதத்தை நிரோஷா வாசித்தபோது மனம் சுகமாக இல்லை. கேட்டது கையெழுத்து, வந்தது பேரன் வேலை. சந்தோஷம்தான். கையெழுத்து எங்கே?

அடியில் என்ன போடுவாய் என்று கேட்டிருக்கிறாய். யாரிடம் கேட்கிறாய்? ஐம்பது வருஷமாக அந்தச் செடியோடு குடும்பம் நடத்தியவன் நான். அடியில் கருங்கல் ஜல்லி, அதற்கு மேல் ஆற்று மணல், அதற்கு மேல் சரிவாகக் கல். கல்லை மூன்றில் இரண்டு பங்கு புதைத்து, மழைத் தண்ணீர் செடியின் கழுத்தில் நிற்காமல் பின்பக்கமாக ஓடும்படி சாய்க்கவேண்டும். கழுத்து நனைந்தால் செடி அழுகும். ஐப்பசி மழைக்கு மேலே தகரம் சாத்தவேண்டும். இதுதான் வித்தை. எழுபத்து மூன்றில் செய்தது, இப்போதும் அதையே செய்வேன்.

இதைக் கேள்விப்பட்டு நுவரெலியாப் பக்கம் இரண்டு பங்களாவுக்கும் ரங்கலைக்கும் என்னைக் கூட்டிப்போனார்கள், நீ இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன பிறகு. இங்கிருந்தே வேரோடு கொண்டுபோய் அதே மாதிரிக் கல், அதே சரிவு. மூன்று இடத்திலும் ஒரு வருஷம் தாங்கவில்லை. அந்த ஊர்த் தோட்டக்காரர்களுக்குக் கை சரியில்லை. நம் பங்களாவில் மட்டும் இருந்தது. ரங்கலைத் துரையே சொன்னார், "ராமா, பூவுக்குத் தன் ஆளத் தெரியுது"ன்னு.

சித்திரைக்குள் தாள் வரவேண்டும். காலைத் தொங்கப்போட்டு உட்காராதே, வீங்கும்.

அண்ணன்.


கோத்தகிரி,
22.04.2023

அண்ணனுக்கு வணக்கம். நலமாக இருப்பாய்.

நீ சொன்னபடியே எழுதி நீலப் பேனாவில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். போதுமா?

ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்காதே. இரண்டு மூன்று மட்டும் மாற்றிப் பார். மற்றதைத் தொடாதே.

சுப்பம்மா.


ஹுன்னஸ்கிரிய,
10.06.2023

என் தங்கச்சிக்கு, அண்ணன் வாய் நிறைய எழுதுவது. வீட்டில் எல்லோருக்கும் சுகம், எனக்கு இரட்டைச் சுகம்.

தாள் வந்தது! ஹோட்டல் ஆபீசில் கணேஸ் எழுந்து நின்று வாசித்தான். சமையல்காரர், தோட்டத்துப் பிள்ளைகள், வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று, எல்லோரும் கேட்டார்கள். "வேறு யார் கையும் படவில்லை" என்ற இடத்தில் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். கணேஸ் சிரித்தான். "தாத்தா, இது மூணாவது தடவ"ன்னான். வாசிக்கட்டுமே.

உன் சொல்லுக்காக மூன்று இடத்துச் செடியை மட்டும் மாற்றினேன். வேர் அறாதபடி மண்ணோடு வெட்டி எடுத்து நாலு பேர் தூக்கினார்கள். நான் அடியில் ஆழத் தோண்டவில்லை. மேலாக எடுத்தால்தான் வேருக்கு நல்லது. ஒவ்வொரு கல்லையும் ஏழு தடவை திருப்பி வைத்தேன். கொத்தனார் முணுமுணுத்தான், "இவருக்கு ஒரு கல்லு வைக்க ஒரு நாள் வேணும்"னு. "ஒனக்குச் செவர் கட்டத் தெரியும், மலை கட்டத் தெரியுமா?"ன்னு கேட்டேன். வாயை மூடிக்கொண்டான். மார்கழியில் திறப்பு விழா. கண்டியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்களாம்.

உன் வீட்டுக் கூரை ஒழுக்கு அடைத்தாயா?

அண்ணன்.


ஹுன்னஸ்கிரிய,
25.07.2023

சுப்பம்மாவுக்கு அண்ணன். சுகம். உன் பதில் இல்லை, தபால் பிழையோ என்னவோ.

மாற்றிய மூன்றில் இரண்டு போய்விட்டது. முதலில் இலை வெளுத்தது, பிறகு நடுவிலிருந்து தளர்ந்தது. கழுத்தில் தண்ணீர் நிற்கவில்லை, நானே போய் மழையில் குந்திப் பார்த்தேன். கொத்தனார் சிமெந்துத் தண்ணீரை ஊற்றியிருப்பான் என்று நினைத்தேன். நிரோஷாவின் கோழி கிளறியிருக்கும் என்றும் சொன்னேன். அவள் எழுதமாட்டேன் என்கிறாள். (சின்னம்மா, எங்கள் கோழி கூட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. நிரோஷா.)

மூன்றாவதும் வெளுக்கிறது. கணேஸ் முகம் கொடுத்துப் பேசுகிறான், ஆனால் என் பெயர் வெட்டக் கொண்டுவந்த கல்லை வெட்டாமலே சாக்கால் மூடி வைத்திருக்கிறான். ரங்கலையில் நடந்தது போலவே நடக்கிறது. கை அதேதான். என்ன குறை என்று தெரியவில்லை. இதை வேறு யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஐப்பசிக்குள் மீதி நாலையும் மாற்றியாகவேண்டும், அந்த இடத்தில் ஹோட்டல் சமையலுக்குக் குசினியைப் பெரிதாக்குகிறார்கள்.

அண்ணன்.


கோத்தகிரி,
20.08.2023

அண்ணே,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைக்கிறேன். இதைப் படித்த பிறகு உனக்குக் கேட்க மனமிருந்தால் கேள்.

மீதி நாலையும் தொடாதே. நான் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தொடு.

நீ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "தண்ணி ஊத்தாத, ஒன்னும் போடாத, பாத்துக்கிட்டு மட்டும் இரு"ன்னு சொல்லிவிட்டுப் போனாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பத்தாம் நாள் இலை வெளுத்தது. எனக்குத் தெரிந்த செடி தேயிலை ஒன்றுதான். வெளுத்த தேயிலைக்கு என்ன போடுவோமோ அதைப் போட்டேன். உரம் வைக்கிற காம்பராவில் சிந்திக் கிடந்ததை முந்தானையில் அள்ளி, செடிக்கு ஒரு பிடி. நாலாம் நாள் ஏழும் கறுத்துப் போனது. உன் ஏழும், அண்ணே. துரைசாணியின் ஏழும்.

அவள் அப்போது கொழும்பில் இருந்தாள், வர ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. நான் அழுததை அப்பு பார்த்தார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "ஒங்கண்ணன் மலைக்குப் போனா நோவோட செத்துருவான்டி. ஏதாச்சும் செய்"ன்னாள்.

கறுத்ததை அகற்றும்போது ஒரு வெள்ளை வேர், நூல் போல, கல்லுக்கு அடியால் ஓடியதைக் கண்டேன். பின்னாலேயே போனேன். அது குசினிச் சுவர் ஓரம் போய், வெள்ளையடித்தபோது சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்த இடத்தில், விரல் உயரத்துக்குத் தலைதூக்கியிருந்தது. கரும்பச்சை. அதுவாகத் தேடிப்போன இடம் அது. அப்படியானால் அதற்குப் பிடித்தது அதுதானே?

அலவத்துகொட ஸைத் நானாவை ஞாபகம் இருக்கும், திகனைச் சூளையிலிருந்து சுண்ணாம்பு லாரி ஓட்டியவர். அவரிடம் சுடாத வெள்ளைக் கல் கேட்டேன். "எதுக்குப் புள்ள, வீடு கட்டவா?"ன்னார். "பூவுக்கு"ன்னேன். தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த நடையில் றோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார். அதைக் கொழுந்துக் கூடையின் அடியில் போட்டு, மேலே கொழுந்து பரப்பி, தினம் சாயங்காலம் பங்களா ஏற்றத்தில் தூக்கினேன். ஒரு நாள் கங்காணி கூடையைத் தொட்டுப் பார்த்து, "என்னாடி சுப்பம்மா, கொழுந்தா கருங்கல்லா?"ன்னார். "வெள்ளக் கல்லுங்க"ன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

உரம் பட்ட மண்ணை எல்லாம் எடுத்துக் கொட்டினேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வெள்ளைக் கல். அந்த ஒற்றை வேரை விரல் கணு அளவு துண்டாக்கிப் படுக்க வைத்தேன். மேலே நீ வைத்த கல்லை நீ வைத்த மாதிரியே, அதே சரிவில் வைத்தேன். எதை எந்தப் பக்கம் திருப்பியிருந்தாய் என்று எனக்கு மனப்பாடம். நீ வரும்போது ஏழு இடத்திலும் துளிர்த்திருந்தது.

நீ பார்த்துவிட்டு, "ஆளு இல்லாம கொஞ்சம் சிறுத்துப் போச்சு. ஆனா பாத்தியா, எங் கை!"ன்னாய். அப்பு என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்குச் சொல்லியிருந்தால் உன் வேலை போயிருக்கும். பிறகு கப்பல் வந்தது. அதன் பிறகு நீ போட்ட எல்லாக் கடிதத்திலும் அந்தப் பூ இருந்தது. எப்படிச் சொல்வேன்? ஆனால் ஒன்று, அண்ணே. "இந்த வருஷமும் பூத்தது" என்று நீ எழுதும்போதெல்லாம் நான் இந்தக் கோத்தகிரித் தெருவில் தலை நிமிர்ந்துதான் நடந்திருக்கிறேன். நீ மட்டும் பெருமைப்பட்டதாக நினைக்காதே.

ரங்கலையில் செத்தது உன் கையால் அல்ல. அடியில் வெள்ளைக் கல் இல்லை. அவ்வளவுதான். இப்போது போடு.

நான் அனுப்பிய தாள் பொய். கிழிப்பதும் வைத்திருப்பதும் உன் இஷ்டம். சுகமா?

சுப்பம்மா.


ஹுன்னஸ்கிரிய,
05.10.2023

அன்புள்ள சின்னம்மாவுக்கு நிரோஷா வணக்கம். மாமா சொல்லாமல் நானாக எழுதுகிறேன். சுகமாக இருக்கிறார், பயப்படாதீர்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்து முடித்தேன். "இன்னொருக்கா"ன்னார். வாசித்தேன். "போதும்"னு சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பதினைந்து நாள் பங்களாப் பக்கமே போகவில்லை. கணேஸ் ஆள் அனுப்பினால் முழங்கால் வலி என்று சொல்லச் சொன்னார். அந்த வலி உங்களுடையது, மாமாவுக்குக் கிடையாது.

போன திங்கட்கிழமை விடிந்ததும் அலவாங்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். குசினி ஓரத்துச் செடி ஒன்றின் பக்கத்துக் கல்லை அலவாங்கால் பெயர்த்தார். கையாலேயே தோண்டினார். ஒரு சாண் கீழே வெள்ளையாகத் தெரிந்தது. வேர் அந்தக் கல்லைப் பல்லி மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தது, சின்னம்மா.

ஒன்றை எடுத்து இடுப்புச் சாரத்தில் துடைத்தார். ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அந்த ஏற்றத்தைத் திரும்பிப் பார்த்து, "இதுல கூடையோட ஏறியிருக்கா. வெறும் கையோட வந்தாலே எனக்கு மூச்சு வாங்குது"ன்னார். வரும் வழியில் திடீரென்று நின்று, "கள்ளி"ன்னு சொன்னார். கோபமாகச் சொன்னது போலத் தெரியவில்லை.

மறுநாள் திகனைக்கு லொறி பேசினார்.

உங்கள் நிரோஷா.


ஹுன்னஸ்கிரிய,
14.12.2023

தங்கச்சி சுப்பம்மாவுக்கு அண்ணன் இராமகிருஷ்ணன். கேட்க மனமிருந்தால் கேள் என்றாயே, கேட்கிறேன்: சுகமா? முழங்கால் எப்படி? நான் கல்லு மாதிரி இருக்கிறேன். சுகம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது, கடைசியில் மறுபடி எழுதமாட்டேன்.

நாலு மாதம் பதில் போடாததற்குத் தபாலைச் சாட்டலாமா என்று கேட்டேன். நிரோஷா சம்மதிக்கவில்லை. கோபம்தான். உரம் போட்டதற்கு இல்லை. அம்மாவுக்குத் தெரியும், அப்புவுக்குத் தெரியும், லொறிக்காரருக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் பேசும்போதெல்லாம் அம்மா அடுப்பைப் பார்த்துச் சிரித்தது இப்போதுதான் விளங்குகிறது.

மீதி நாலையும் கிளப்பி, வெளுத்த மூன்றாவதையும் எடுத்து, அடியில் ஒரு சாண் வெள்ளைக் கல் போட்டேன். செத்த இரண்டு இடத்துக்கும் கணு அளவு வேர் வெட்டிப் படுக்க வைத்தேன், நீ எழுதியிருந்தபடி. கார்த்திகை மழை முழுக்க அடித்தது. தகரம் சாத்தினேன், அது என் வித்தைதான், அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். ஏழும் துளிர்த்திருக்கிறது. கரும்பச்சை. இவ்வளவு கரும்பச்சையை நான் கண்டதில்லை.

நேற்று கணேஸ் சாக்கை எடுத்துவிட்டுக் கல்வெட்டுகிற ஆளோடு வந்தான். ஹோட்டல் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள், அந்தக் கொத்தனாரும் இருந்தான். நல்லது என்று நினைத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன், உரத்திலிருந்து கூடை வரைக்கும். கங்காணி கேட்டதையும் நீ சொன்ன பதிலையும் சொன்னபோது கொத்தனார் வாய்விட்டுச் சிரித்தான். என் தங்கச்சி பேச்சுக்கு ஊர் சிரிப்பதைக் கேட்க எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? உன் தாளை மூன்று தடவை வாசிக்கக் கேட்டபோதுகூட அப்படி இல்லை.

கணேஸ்தான் குழம்பிப்போனான். "தாத்தா, நீங்கதான்னு அவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்களே?"

"பொய்யி. அண்ணனுக்காக எழுதுனது."

"அப்ப சாட்சி?"

"அலவாங்கு இருக்கு, தோண்டிப் பாருங்க. ஆனா செடிய அசைச்சா ஒங்க கைய ஒடிச்சிருவேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "கம்பெனியில கேப்பாங்க தாத்தா. இதெல்லாம் தெரிஞ்சவங்க யாராவது உசிரோட இருக்காங்களா?"

ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துச் சொன்னேன். துரைசாணி கடைசி வரைக்கும் ஒன்றும் அறியாமலே தன் ஊருக்குப் போனாள். அவள் செத்ததாகத் துரை கடிதம் போட்டது தோட்டத்தை அரசாங்கம் எடுத்து இரண்டாம் வருஷம். அப்பு, கண்டிக்கு டெலிவிசன் வந்த வருஷம் போனார். அம்மா, எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த தை. கங்காணி, தோட்டத்தைத் திரும்பக் கம்பெனிக்குக் கொடுத்த வருஷம். ஸைத் நானா, கடல் பொங்கிய அதே மார்கழியில், அலவத்துகொடயில் தன் வீட்டுக் கட்டிலில். மையத்து அடக்கத்துக்கு நான் போனேன். அவருடைய மகன், "வாப்பா ஒங்களப் பத்திக் கதைச்சா சிரிப்பாரு"ன்னு சொன்னான். எதற்கென்று அப்போது தெரியவில்லை.

கல்வெட்டுகிறவன் உளியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "பெரியவரே, அப்ப யாரு பேர வெட்டுறது? ஒருத்தருமே இல்லன்னு சொல்றீங்க."

"ஒருத்தி இருக்கா"ன்னேன். "கோத்தகிரியில. எழுதிக்க. சுப்பம்மா."